மூன்றாம் அத்தியாயம்: வழித்துணை

ஏ-9 வீதியால் கிளிநொச்சிக்கு வருகிறவர்களும் அங்கிருந்து தெற்கே போகிறவர்களும், எவ்வளவு அவசரமான பிரயாணமாயினும், முறிகண்டியில் வாகனத்தை நிறுத்தி, பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்தி, வீதியோரக் கடையில் ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினால்தான் மனம் ஆறும் என்று எண்ணுகிற வழக்கம் இன்றைக்கும் மாறவில்லை. காட்டுப் பாதையில் மாட்டுவண்டி கட்டிப் போனவர்கள் தொடங்கிய வழக்கமாயிருக்கவேண்டும். குளிரூட்டிய பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்களும் அதை விட்டபாடில்லை. அந்தப் பிள்ளையாரிடம் ஒருவரும் பாதை கேட்பதில்லை. பாதை ஒன்றுதான், அது எல்லோருக்கும் தெரியும். கேட்பது துணை.

இந்த அத்தியாயத்தின் விஷயத்தை ‘வழிகாட்டல்’ என்னாமல் ‘வழித்துணை’ என்று நான் எழுதுவதற்கு அதுவே காரணம். சந்தியில் நட்டிருக்கும் கைகாட்டி மரமும் வழிகாட்டிதான். மழையிலும் வெயிலிலும் தவறாமல் திசையைக் காட்டிக்கொண்டு, தான் ஓர் அடியும் நகராமல், நூறு வருஷம் நிற்க அதனால் முடியும். நமது பீடங்களிலும் வைத்தியசாலைகளிலும் அத்தகைய கைகாட்டிகளுக்குக் குறைவில்லை. ‘நல்லாய்ப் படியும் பிள்ளை, முன்னுக்கு வருவீர்’ என்று சொல்லி அனுப்புகிறவர்கள் அவர்கள். வன்னியிலிருந்து வருகிற ஓர் இளம்பெண், வைத்தியராகவோ தாதியாகவோ தேறியதோடு நின்றுவிடாமல், நோயாளியைப் பார்ப்பது, மாணவருக்குக் கற்பிப்பது, ஆய்வு செய்வது என்ற மூன்று சுமையையும் ஒரே தலையில் தாங்குகிற பல்கலைக்கழக வாழ்க்கைக்குள் புக விரும்பினால், அவளுக்கு வேண்டியது தன் நேரத்தையும் பெயரையும் கையொப்பத்தையும் அவளுக்காகச் செலவிடக்கூடிய ஒருவர். இந்த அத்தியாயம் அப்படிச் செலவிட மனமுள்ள மூத்தவர்களுக்காக எழுதப்படுகிறது.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘மென்ரர்’ என்ற பெயர் ஹோமருடைய ‘ஒடிசி’யிலிருந்து வந்தது. தகப்பனைத் தேடிப் புறப்பட்ட தெலெமாக்கஸ் என்ற இளைஞனுக்குத் துணைபோனவள் உண்மையில் அதீனா என்னும் பெண் தெய்வம்; ஆனால் அவள் மென்ரர் என்ற ஆடவனின் உருவத்தை எடுத்துக்கொண்டுதான் போனாள். ஒரு பெண்ணின் புத்தியைக் கேட்பதற்கும் தாடி ஒன்று தேவைப்பட்ட காலம் அது. அந்தக் காலம் முற்றாகப் போய்விட்டது என்று துறைக் கூட்டங்களில் இருந்து பழகியவர்கள் சத்தியம் செய்யமாட்டார்கள்.

நமது பகுதியில் இந்தத் துணை ஏன் இவ்வளவு அருமையாயிற்று என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் விளங்கும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்து அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். அவர்கள் அனைவரும் ஆடவர். 1870 இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது 1892 இல். பெண்களுக்கென்றே இணுவிலில் அமெரிக்க மிஷன் நடத்திய மக்லியொட் வைத்தியசாலை பிரசவம் பார்த்தது, தாதிமாரைப் பயிற்றியது. ஆயினும் அது பல்கலைக்கழகம் அன்று. கடலுக்கு அப்பால் வேலூரில் ஐடா ஸ்கடர் 1918 இல் பெண்களுக்காகவே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்க, அதன் முதல் அணியில் 14 பேர் 1922 இல் தேறி வெளிவந்தார்கள். சென்னையில் 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் அடையாற்றிலே புற்றுநோய் நிலையம் எழுந்தபோது, மறுவருஷமே, அரசாங்க உத்தியோகத்தை விட்டு அங்கே வந்து சேர்ந்தவர் வைத்தியர் சாந்தா. 2021 இல் இறக்கும்வரை அந்த இடத்தை அவர் விட்டுப் போகவில்லை. துணைபோவதில் இது ஒரு தனி வகை. முத்துலட்சுமி ஒரு பெண்ணுக்கு யோசனை சொன்னதோடு நிற்கவில்லை. அவள் வந்து நிற்பதற்கு ஓர் இடத்தையே கட்டிவைத்தார்.

நமக்கு அந்த இடம் கிடைத்தது 1978 இல், யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோது. பிறகு வந்த யுத்த காலத்தில், ஒரு துறைக்கு ஒருவர் இருவர் என்ற நிலையில், அந்தப் பீடத்தைக் கட்டிக் காத்தவர்களைப் பற்றித் தனி நூலே எழுதலாம். ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். 1954 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் வைத்தியம் படித்து, இங்கிலாந்து சென்று உடற்கூற்றியலில் உயர்கல்வி பெற்று, அங்கேயே சௌகரியமாகத் தங்கிவிடச் சந்தர்ப்பம் இருந்தும் திரும்பி வந்து, யாழ்ப்பாணத்து மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைக்குத் தலைவராயிருந்த ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ‘முறிந்த பனை’யின் ஆசிரியர்களுள் ஒருவர் என்பதும், மனித உரிமைக்காகக் குரல் கொடுத்தவர் என்பதும் பலருக்குத் தெரியும். நான் அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் வேறொரு கணக்கைப் போடுகிறேன். அப்போது அவருக்கு வயது 35. நமது பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் ஓய்வுபெறும் வயது 65. இருந்திருந்தால் 2019 வரை, இன்னும் முப்பது வருஷம், அந்தத் துறையிலே ஒரு பெண் ஆசிரியர் பிரேதக் கூடத்து மேசைக்கு முன்னால் நின்று முப்பது அணி மாணவிகளுக்குக் கற்பித்திருப்பார். அவர்களிற் சிலராவது, ‘நானும் இப்படி நிற்கலாம்’ என்று எண்ணியிருப்பார்கள். ஓர் ஆசிரியர் போனால் அவர் மட்டும் போவதில்லை.

அதே பீடத்தில் உயிரிரசாயனவியற் பேராசிரியராயிருந்த வசந்தி அரசரத்தினம் 2011 முதல் 2017 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதற் பெண் அவர். கிளிநொச்சி அறிவியல்நகரிலே பொறியியற் பீடம் தொடங்கியதும் அவருடைய காலத்தில்தான். ஆனால் அறிவியல்நகரில் மருத்துவ பீடம் இல்லை. நமது மாவட்டத்துப் பிள்ளை வைத்தியம் படிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 65 கிலோமீற்றர் வடக்கே போகவேண்டும், அல்லது இடம் கிடைக்கிற வேறு ஊருக்குப் போகவேண்டும். விசேட வைத்திய நிபுணராக வேண்டுமானால், 1980 முதல் கொழும்பிலே இயங்குகிற பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் வாசலில் போய் நிற்கவேண்டும்.

இந்த நூலைக் கையில் எடுத்திருக்கும் மூத்தவர் தம்மிடம் வருகிற பெண் எங்கிருந்து வருகிறாள் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று ஒரு பங்கீடு இருப்பதும், கிளிநொச்சி அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று என்பதும் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிவதே அவளுக்குத் தொல்லை. ‘கோட்டாவில் வந்தவள்’ என்ற சொல்லை முதலாம் வருஷத்தில் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பார். பட்டம் பெற்று, உள்ளகப் பயிற்சியும் முடித்து, ஒரு விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிற நாளிலும் அந்தச் சிரிப்பு அவள் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். 2009 இல் பத்து வயதாயிருந்த பிள்ளை அவள். செட்டிகுளத்து முகாமிலே, தறப்பாளுக்குக் கீழே, இரவல் கொப்பியில் கணக்குப் போட்டவளாக இருக்கலாம். அதைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் அவளே சொல்லுவாள், அநேகர் சொல்லுவதில்லை.

கேட்கவேண்டியது வேறு. அவளுடைய பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, அடையாள அட்டை, பட்டச் சான்றிதழ் நான்கையும் மேசையில் பரப்பி, பெயர் நான்கிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் பத்திரங்களைத் தொலைத்து, பிற்பாடு நடமாடும் சேவையில் பிரதி எடுத்தவர்களுக்கு, ஆங்கிலத்தில் ஒரு பத்திரத்தில் ஓர் எழுத்துக் கூடியும் இன்னொன்றில் தகப்பன் பெயர் முன்பின்னாக மாறியும் இருப்பது சகஜம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அந்த ஓர் எழுத்தைக் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகையில், புலமைப்பரிசிலின் இறுதித் திகதிக்கு மூன்று நாள்தான் மிச்சமிருக்கும். இத்தகைய அற்ப காரியத்தைப் பேராசிரியர் ஒருவர் பார்ப்பதா என்று நினைக்கிறவர்கள் இந்த வேலைக்கு வராதிருப்பதே நல்லது.

இனி, முதற் சந்திப்பு. அவள் தனியே வருவாள் என்று எதிர்பார்க்கலாகாது. சில வருஷங்களுக்கு முன் கனகபுரத்தில் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். வட்டக்கச்சிப் பக்கத்தவள், உள்ளகப் பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்தாள், சமுதாய மருத்துவத்தில் தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம். கூடவே தகப்பனாரும் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை, கால்விரல் நகங்களில் வயற்சேறு இன்னும் காயவில்லை. தேத்தண்ணியைக் கையில் வாங்கி, குடியாமலே வைத்துக்கொண்டு சொன்னார்: “டொக்டரம்மா, பிள்ளை டொக்டராயிட்டாள். ஊரில எல்லாருக்கும் சந்தோசம். இனி என்னத்துக்குத் திரும்பவும் படிப்பு எண்டுதான் எங்களுக்கு விளங்கேல்லை.” சற்றுப் பொறுத்து, மகளைப் பார்க்காமல், “லண்டனிலயிருந்து ஒரு சம்பந்தமும் வந்திருக்கு” என்றார்.

பெண் கல்வியின் மகத்துவத்தைப் பற்றி அரைமணி நேரம் பேச எனக்கு வாய் துடித்தது. நல்ல காலமாக நான் பேசவில்லை. ஒரு பழைய கலண்டரின் பின்புறத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்து, பதவி கிடைத்தால் எந்த வருஷம் என்ன பரீட்சை, எத்தனை மாதம் கொழும்பு, எப்போது வெளிநாட்டுப் பயிற்சி, எப்போது திரும்பி வருவது என்று எழுதிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வருஷத்துக்கும் கீழே மாதச் சம்பளம் என்று ஒரு கட்டமும் போட்டேன். அவர் குனிந்து அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். “இது சம்பளத்தோடயே படிப்பு?”

“ஓம் ஐயா. லீவில படிக்க விடுவினம். சம்பளமும் வரும்.”

“நாங்கள் காசு கட்டிப் படிக்கிறதெண்டெல்லோ நினைச்சம்,” என்றார். மகள் அதை மூன்று தரம் சொல்லியிருந்தாளாம். அது அவர் காதில் ஏறவில்லை. பிறகு தேத்தண்ணியைக் குடித்தார்.

குடும்பம் மறிக்கிறது என்று நாம் முறைப்படுகிற இடங்களிற் பாதி இப்படித்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் எதிர்ப்பது படிப்பையன்று. முடிவு தெரியாத ஒன்றை. விதைக்கிற நாளும் வெட்டுகிற நாளும் தெரிந்து வாழ்கிறவருக்கு, ‘எப்போது முடியும் என்று சொல்லமுடியாது’ என்ற பதிலைப்போல அச்சமூட்டுவது வேறில்லை. ஆகையால் அந்தக் காலக்கோட்டை முதல் நாளே வரையுங்கள். தகப்பனுக்கும் தாய்க்கும் விளங்கும்படி தமிழில் எழுதுங்கள். ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்தனுப்புங்கள். அதில் இரண்டொரு வருஷங்களை வெறுமையாக விட்டுவிட வேண்டும். ‘கலியாணம் எப்போது?’ என்று நீங்கள் கேட்கவேண்டியதில்லை. அந்த வெறுமை போதும். அதைப் பார்த்து அவளாகவே ஒருநாள் வந்து பேசுவாள்.

அப்படிப் பேச வரும்போது விவரம் தெரிந்தவராக இருங்கள். பிரசவத்துக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் லீவு உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அரைச் சம்பளத்திலும் சம்பளமின்றியும் நீட்டிக்க வழியுண்டு என்பதும், பட்டப்பின் பயிற்சியில் இருக்கிறவர் பரீட்சையைப் பிற்போட யாருக்கு, எத்தனை நாளுக்கு முன் எழுத வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியாதிருக்கலாம். லீவு முடிந்து வருகிறவளின் தலையில், விடுபட்ட விரிவுரைகளை எல்லாம் ஒரே தவணையில் கட்டுகிற கெட்ட வழக்கம் சில துறைகளில் உண்டு. அதைத் தடுப்பது துறைத் தலைவரோடு சமதையாகப் பேசக்கூடிய உங்கள் கடமை, அவளுடையதன்று. கொழும்பிலே பயிற்சிக்குப் போகிற வன்னிப் பெண் ஒருத்தி, பொரளைப் பக்கத்தில் ஓர் அனெக்ஸ் எடுத்து, கைக்குழந்தையையும், சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத தன் தாயாரையும் அங்கே வைத்துவிட்டு இரவுக் கடமைக்குப் போய்வருகிற காட்சியை நான் கண்டிருக்கிறேன். அவளுக்கு வேண்டியிருந்தது ஊக்கமூட்டும் வார்த்தையா? அடுத்த தெருவில் இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்தின் தொலைபேசி எண்.

ஆய்வு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் வன்னிப் பெண்ணுக்கு நாம் எதையோ தானமாகக் கொடுக்கிறோம் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் உடையும். ஒரு முறை பாம்புக்கடி பற்றிய கணக்கெடுப்பு ஒன்றுக்காக, வேறிடத்தில் தயாரித்துத் தமிழாக்கிய வினாக்கொத்தோடு ஊரூராகப் போனோம். அதிலே ‘பாம்புக்கடி’ என்று ஒரு கூடு, ‘பூச்சிக்கடி’ என்று இன்னொரு கூடு. ஒரு முதிய தாயார், போன மாரியில் வரப்பிலே நடக்கும்போது ‘பூச்சி கடிச்சுப்போட்டுது’ என்றார். எங்களோடு வந்த பட்டதாரி ஒருவர் உடனே இரண்டாவது கூட்டில் சரி போட்டார். அந்த வட்டக்கச்சிப் பெண் மெதுவாக, “அம்மா, எத்தினை நாள் ஆசுப்பத்திரியில வச்சிருந்தவை?” என்று கேட்டாள். நான்கு நாள். ஊசி ஏற்றினார்களா? ஏற்றினார்கள், சேலைன் போத்தலுக்குள் விட்டு. அவள் பேனையை வாங்கி, சரியடித்ததை வெட்டி, முதற் கூட்டில் போட்டாள். பாம்பின் பெயரைச் சொல்லக் கூசி, விசேஷமாகப் பொழுது பட்ட பிறகு, ‘பூச்சி’ என்று சொல்லுகிற வழக்கம் நமது ஊர்களில் உண்டென்பது அந்த வினாக்கொத்தை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அன்று அவள் திருத்தாதிருந்தால் எங்கள் கணக்கு எவ்வளவு பிழைத்திருக்கும் என்பதை யோசிக்க எனக்கு இன்றைக்கும் கூச்சமாயிருக்கிறது.

எனவே ஆய்வுக்குப் பொருள் தேடுகிறவளிடம் கொழும்பில் பிரபலமாயிருக்கிற தலைப்புகளை நீட்டாதீர்கள். பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், வவுனியாப் பக்கத்தில் காரணம் தெளியாத சிறுநீரக நோய், கண்ணிவெடியால் காலிழந்தவருக்கு வயது ஏற ஏற வரும் உபாதைகள், தனியே குடும்பத்தைத் தாங்குகிற பெண்களின் நித்திரையின்மை: அவள் வீட்டுப் படலைக்கு வெளியே கேள்விகள் கிடக்கின்றன. அவளுக்குக் குறைவது கேள்வியன்று; அதை ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம். உயர்தரம்வரை தமிழில் படித்து, பீடத்தில் காலடி வைத்த நாள்முதல் ஆங்கிலத்தில் படித்தவளின் முதற் கட்டுரையை வாங்கி, ஒவ்வொரு வரியையும் சிவப்பு மையால் மாற்றிக் கொடுத்தால் கட்டுரை நன்றாகிவிடும். அவள் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பாள். முதற் பந்தி ஒன்றை அவளைப் பக்கத்தில் இருத்தித் திருத்துங்கள். மிச்சத்தை அவள் திருத்திக்கொண்டு வரட்டும். இரண்டு மாதம் பிந்தும், பிந்தட்டும்.

பெயர் வரிசை என்பது இன்னும் சங்கடமான விஷயம். என் இளமையில், இன்ன இடமென்று சொல்லாமல் விடுகிற ஒரு நிறுவனத்தில், பதினெட்டு மாதம் வீடுவீடாக ஏறி இறங்கிச் சேர்த்த தகவல்களைக் கொண்டு ஒரு கட்டுரை வெளிவந்தது. நோயாளி ஒருவரையும் கண்டிராதவர் பெயர் முதலிலும் என் பெயர் நான்காவதாகவும் இருந்தன. அச்சில் பார்த்த அன்று நான் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு. நான்காவதாகவேனும் போட்டார்களே என்று நன்றிக் கடிதமும் எழுதினேன். கோபம் வர ஆறு வருஷம் சென்றது, பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கையில். மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்கள் சிலர் 1978 இல் வான்கூவரில் கூடியதிலிருந்து வளர்ந்த சர்வதேசக் குழு, யார் ஆசிரியராகப் பெயர் போடலாம் என்பதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழுவதற்கும் பொறுப்பேற்றல். இவற்றை அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுத்தது போதாது, ஒழுக்கநெறிக் குழுவுக்கு விண்ணப்பம் போகும் அன்றே, ஒரு தாளில், இன்னார் பெயர் இன்ன இடத்தில் என்று எழுதி எல்லோரும் கையொப்பம் இடட்டும். மூத்தவராகிய நீங்கள் முதலாவதாக இடுங்கள், உங்கள் பெயர் கடைசியில் இருக்கும் தாளில்.

கையொப்பம் என்றதும் பிணைமுறி ஞாபகம் வருகிறது. மேற்படிப்புக்கு லீவில் போகும் விரிவுரையாளர், திரும்பி வந்து குறித்த காலம் சேவை செய்வேன் என்று ஒப்பந்தம் எழுதவேண்டும். அதற்குப் பிணையாளர்கள் வேண்டும். உத்தியோகத்தர் நிறைந்த குடும்பத்துப் பெண்ணுக்கு இது ஒருநாள் வேலை. மாமாவும் பெரியப்பாவும் கையொப்பமிட்டு விடுவார்கள். கமக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு மாதக்கணக்கில் அலைச்சல். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் உபதேசம் செய்யத் துணியேன், ஏனெனில் பிணை நிற்பதில் நஷ்டம் உண்டு, 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு திரும்பி வராதவர்களும் பலர். ஆனால் பிணையாளர் தேடிக்கொள்ள அவளுக்கு ஆறு மாதம் வேண்டும் என்பதை முன்கூட்டியே எச்சரிப்பதற்கு எந்த நஷ்டமும் இல்லை.

வைத்தியர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அது நமது பொதுவான வியாதி. தாதியியலிலும் மருந்தாளர் கல்வியிலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்குகிறது. டிப்ளோமா முடித்து ஏற்கெனவே சேவையில் இருக்கும் தாதியருக்கு 1994 முதல் திறந்த பல்கலைக்கழகமும் ஒரு வழியைத் திறந்திருக்கிறது. இந்தத் துறைகளுக்கு ஆசிரியர்கள் எங்கிருந்து வரவேண்டும்? வார்ட்டில் பத்து வருஷம் நின்றவர்களிடமிருந்து. குடும்பநல மாது ஒருவர் ஸ்கூட்டியில் ஊரைச் சுற்றி, தகுதியான குடும்பங்களின் பதிவேட்டிலும் கர்ப்பிணித் தாயின் பதிவேட்டிலும் வருஷக்கணக்காக எழுதிவரும் குறிப்புகளைப்போல நம்பகமான தகவல் மூலம் வன்னியில் வேறொன்றில்லை. ஆயினும் மாநாட்டு மேடையில் அந்தத் தகவல்களைப் படித்துக் காட்டுகிறவர் எப்போதும் வேறொருவர். உங்களுக்குத் தகவல் தந்த மாதை ஒரு முறையேனும் அந்த மேடைக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘ஐயோ மிஸ், எனக்கு இங்கிலீசு வராது’ என்பார். தமிழில் பேசட்டும், நீங்கள் மொழிபெயருங்கள்.

ஆண்கள் இதற்குப் பொருத்தமில்லை என்று எண்ணுகிறவர்களும் உண்டு. கைவிரலில் எண்ணக்கூடிய மூத்த பெண்களின் தலையிலேயே எல்லா இளம்பெண்களையும் கட்டிவிட்டால், அவர்களுடைய சொந்த ஆய்வு எப்போது நடப்பது? ஆகையால் ஆண்களும் வரவேண்டும். வரும்போது ஊர்வாயையும் மறக்கலாகாது. வேலை நேரத்தில், திறந்த கதவுள்ள அறையில், குறிப்பெழுதிப் பேசுங்கள். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பது வழித்துணையன்று. பகிடிவதைக்கும் பாலியல் தொல்லைக்கும் எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அவள் ஒரு முறைப்பாட்டோடு வந்தால், ‘பொறுத்துக்கொள்ளும் பிள்ளை, பேர் கெட்டுவிடும்’ என்று சொல்லுகிற முதல் ஆளாக நீங்கள் இராதீர்கள். அதைச் சொல்ல வீட்டிலும் ஊரிலும் ஏற்கெனவே போதிய ஆட்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு நுட்பமான கட்டம் வரும். நீங்கள் துணைபோன பெண் உங்களை மறுத்துப் பேசத் தொடங்குவாள். உங்களுடைய புள்ளிவிவர முறை பழையது என்பாள், அநேகமாக அது உண்மையாகவும் இருக்கும். பிறகு ஒருநாள், நீங்கள் உறுப்பினராயிருக்கும் தெரிவுக் குழுவுக்கு முன்னால் அவளுடைய விண்ணப்பம் வரும். அன்று எழுந்து வெளியே போய்விடுங்கள். அவளுக்காகப் பேசவும் வேண்டாம், உங்கள் நடுநிலையைக் காட்டுவதற்காக அவளைக் குறைத்துப் பேசவும் வேண்டாம். இரண்டாவதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

அந்தக் கலண்டர்த் தாள் என்னிடம் நெடுநாள் இருந்தது. வெறுமையாக விட்ட இரண்டு வருஷங்களில் ஒன்றை அந்த வட்டக்கச்சிப் பெண் குழந்தைக்கு எடுத்துக்கொண்டாள். மற்றதில் தகப்பனாருக்குப் பாரிசவாதம் வந்தது. பரீட்சை ஒன்றில் இரண்டாந்தரம் தேறினாள். நான் போட்ட திகதிகளில் அரைவாசிக்கு மேல் பிழை. போன வருஷம் அவள் வந்தபோது அதை எடுத்துக் காட்டினேன். பேனையை வாங்கி, பிழைத்த திகதிகளை ஒவ்வொன்றாக வெட்டி, நடந்த திகதிகளை மேலே எழுதி, மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். தன்னிடம் ஒரு பிள்ளை வருகிறாள், விசுவமடுப் பக்கம், அவளுக்குக் காட்டவேண்டும் என்றாள்.